பழைய எழுத்துருவைத் திருப்பிக் கேட்டேன்

துணிப்பையைத் தூக்கிக்கொண்டு சிங்கப்பூரின் ஜாலான் புசார் சாலையில் நடந்தேன். அச்சகத்தை விட்டு வெளியே வந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. வேலை போயிற்று. கடை மாடியில் படுத்திருந்த இடமும் போயிற்று.

நான் நாலாம் வகுப்போடு நின்றவன். செம்பவாங் கப்பல் பட்டறை, கிராஞ்சி நாற்றுப் பண்ணை என்று எங்கும் தங்கியதில்லை. இந்த அச்சகத்தில்தான் ஒன்பது வருடம் நிலைத்தேன். கல்யாணப் பத்திரிகை, இரங்கல் அட்டை எல்லாம் நான் தட்டியவை. எந்த விசையில் எந்தத் தமிழ் எழுத்து என்பது என் விரலுக்குத் தெரியும். ஆங்கிலம் தெரியாது.

புது அச்சு இயந்திரம் பழைய கணினியோடு சேராது என்று கணினியை மாற்றினார்கள். என் தட்டச்சு மென்பொருள் அதில் திறக்கவே இல்லை. சேர்த்துவைத்த கோப்புகள் ஆங்கில எழுத்தும் புள்ளியுமாகக் கொட்டின. இனி தமிழ்ச் சொல்லின் ஒலியை ஆங்கில எழுத்தில் தட்டினால்தான் தமிழ் வருமாம். மூன்று வாரம் முயன்றேன். வள்ளி என்ற மணப்பெண் பத்திரிகை முழுக்க வல்லி என்று அச்சாகிவிட்டாள்.

என்னைவிட இளையவரான முதலாளி திட்டவில்லை. "கோவிச்சுக்காதீங்கண்ணே. கம்ப்யூட்டர மாத்தியாச்சு, ஆளயும் மாத்தணும்லா" என்றார்.

பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து ஜெபித்தேன். ஆண்டவரே, அந்தப் பழைய எழுத்துருவைத் திருப்பிக் கொடும். அவ்வளவுதான். மூன்று பேருந்துகள் போயின. ஏறிப் போக எனக்கு இடம் இல்லை.

பசித்ததால் காப்பிக் கடைக்குள் போனேன். அடுத்த மேசையில் நம் திருச்சபை அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளும் மேரி அக்கா. அன்று அவரை எனக்குத் தெரியாது. கையில் ஒரு கத்தைத் தாள். எல்லாம் வைரஸ் அடித்துவிட்டது, தூக்கிப் போட்டுவிடலாம் என்று கைப்பேசியில் சொல்லிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். mk;kh என்று இருந்தது. m விசையில் அ, k விசையில் ம என்று ஒன்பது வருடம் நான் தட்டிய விசைகள்.

"அக்கா, அது அம்மா."

"யாருப்பா அம்மா?"

"தாள்ல இருக்கறது. தமிழ்தான்க்கா, பழைய ஃபாண்ட்."

வரிவரியாக வாசித்தேன். நம் சபையார் முன்பு எழுதிக் கொடுத்த சாட்சிகள். அவர் கைப்பேசியை மேசையில் வைத்தார்.

"இந்த மாதிரி நூத்துக்கணக்குல கிடக்கு தம்பி. நீங்க படிங்க, போதும். நான் கம்ப்யூட்டர்ல அடிச்சுக்கிறேன்."

சபைக் கூடத்தின் பின்னறையில் படுக்க இடமும் கிடைத்தது.

நான் கேட்டதை ஆண்டவர் தரவில்லை. அந்த மென்பொருள் இன்றுவரை திறக்கவில்லை. இந்தத் தாள்கள் தீர்ந்தபின் என்ன செய்வேன் என்று தெரியாது. புதுக் கணினியைக் கண்டால் இன்னும் பயம்தான். ஆனால் நாளைக்கே கிளம்ப வேண்டும் என்று இப்போது கால் பரபரப்பதில்லை. போக இடமில்லாமல் உட்கார்ந்திருக்கிறவர்களே, ஆண்டவரிடம் கேளுங்கள். அழகாகக் கேட்க வேண்டியதில்லை.

மேரி அக்காவைச் சந்தித்த மறுநாள் காலை அந்த வேலையில் உட்கார்ந்தேன். முதல் தாள், பட்டறையில் விழுந்து பிழைத்த ஒருவர் தன் தாயின் ஜெபத்தைப் பற்றி எழுதியது. நான் கடகடவென்று வாசித்தேன்.

"மெதுவா தம்பி, முதல்லேர்ந்து" என்றார் மேரி அக்கா.

"அம்மா" என்றேன். அவர் தட்டினார்.