மட்கார்டுக்குக் குறுக்கே நின்றவர்

பெரிய மனிதர் யாரைக் கண்டாலும் பக்கிரியின் கை சட்டையின் மேல் பொத்தானுக்குப் போய்விடும். கல்யாணமான நாளிலிருந்து அவர் மனைவி ஆதிலட்சுமி பார்த்து வருகிறாள். பேங்க் மேனேஜர், கவுன்சிலர், ரேஷன் ஆபீசர், யாராக இருந்தாலும் சரி, கழுத்தை இறுக்கிப் பொத்தானைப் போட்டுக்கொள்வார். அதன்பின் தொண்டையிலிருந்து வெறும் காற்றுதான் வரும். "மாட்டுக்கு மூக்கணாங்கயிறு, உனக்குப் பொத்தான்" என்பாள் அவள்.

புதுச்சேரி முத்தியால்பேட்டைக்காரர். மில் வேலை போனபின் ரயிலடிப் பக்கம் வாடகை ஸ்கூட்டர் கடை ஒன்றில் சேர்ந்தார். சனி ஞாயிறானால் பெங்களூரும் சென்னையும் கடை வாசலில் வந்து நிற்கும். வண்டியைக் கொடுக்கும் முன் அதைச் சுற்றிவந்து செல்போனில் வீடியோ எடுக்க வேண்டும். பழைய கீறல் எது, புதுக் கீறல் எது என்று பிறகு சண்டை வரக்கூடாது. பக்கிரி இதில் கறார். காதல் ஜோடியோ கலெக்டர் மகனோ, கீறலுக்கு முன் எல்லோரும் சமம்.

அவருக்கு ஒரே ஓர் ஆசை. சிரிப்பு நடிகர் தகரம் தணிகைவேலைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ரசிகர் மன்றத்து ஆசையில்லை. பிறந்த குழந்தை தங்காமல் போனபின் ஆதிலட்சுமி மாதக்கணக்கில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். மாத்திரை, மந்திரிப்பு, மயிலம் முருகன், எதற்கும் வாய் திறக்கவில்லை. ஒரு மத்தியானம் டிவியில், மாப்பிள்ளை வேஷத்தில் இருந்த தணிகைவேலின் டோப்பாவை ஓர் ஆடு கவ்விக்கொண்டு ஓடியது. "அந்த ஆட்டப் பாரேன்" என்று சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "சோறு இருக்கா?" என்றாள்.

சாமிக்கு மொட்டை போட்டு அந்தக் கணக்கை முடித்துவிட்டார் பக்கிரி. தணிகைவேல் கணக்குதான் நின்றது.

ஆனால் என்னதான் சொல்வது? "நடிப்பு பிரமாதம் சார்" என்றால், அது அவருக்குத் தெரியாதா? இவ்வளவு நாள் தெரியவில்லையென்றால் பக்கிரி சொல்லியா தெரியப்போகிறது? நடந்ததை முழுக்கச் சொல்லி, மனிதர் அழுதுவிட்டால்? சிரிப்பு நடிகரை அழவைத்த பாவம் வேறு வந்து சேரும். கடை அலமாரியில் இருக்கும் ஹெல்மெட்டுகளிடம் சொல்லிப் பார்ப்பார். அவை பொறுமையாகக் கேட்டுக்கொள்ளும்.

"சுருக்கமா சொல்லுய்யா" என்றாள் ஆதிலட்சுமி. "ஆட்டுலேர்ந்து ஆரம்பிக்காத. 'எங்க வீட்டுல ஒரு ஆளப் பேச வச்சீங்க, நல்லா இருங்க.' அவ்ளோதான்."

போன மாதம் ஒரு புதன்கிழமை, தொப்பியும் மாஸ்க்கும் போட்ட ஒருவர் ஸ்கூட்டர் கேட்டு வந்தார். லைசென்ஸை நீட்டினார். படத்தில் தகரம் தணிகைவேல். லைசென்ஸ் படத்தில் எல்லோருக்கும் திருட்டு முழிதான், அவருக்கும்.

பக்கிரியின் கை பொத்தானுக்குப் போனது. பிறகு வாய் தானாகத் திறந்து, அதற்குத் தெரிந்த ஒரே பாட்டைப் பாடியது.

"ஹெல்மெட் போட்டுக்கணும் சார். ஆறு மணிக்கு மேல பீச் ரோட்டுல வண்டி உடமாட்டாங்க. பெட்ரோல் இருக்காது, மொத பங்க்குலயே போட்டுக்குங்க. ஒன் வே பாத்துப் போங்க."

"சரிங்க" என்றார் தணிகைவேல், பள்ளிப் பிள்ளை மாதிரி.

பக்கிரி செல்போனை எடுத்து வண்டியைச் சுற்ற ஆரம்பித்தார். "சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. மட்கார்ட மறைக்கிறீங்க."

நடிகர் தள்ளி நின்றார். மாஸ்க்கை இறக்கிவிட்டுச் சிரித்தார். "என்னைத் தள்ளிவிட்டுட்டு கேமரா முன்னாடி நின்னது இதுவரைக்கும் ஒரு ஆடுதாங்க. இப்ப உங்க ஸ்கூட்டர்."

ஆடு! அவரே எடுத்துக் கொடுக்கிறார். இதைவிட நல்ல நேரம் இந்த ஜென்மத்தில் வராது. பக்கிரி வாயைத் திறந்தார்.

"லெஃப்ட் இண்டிகேட்டர் கொஞ்சம் டைட்டா இருக்கும் சார். அழுத்திப் போடுங்க."

வண்டி போய்விட்டது. திருப்பிக் கொடுக்க வருவாரே என்று சாப்பிடக்கூடப் போகாமல் கடையிலேயே கிடந்தார் பக்கிரி. முன்னெச்சரிக்கையாகப் பொத்தானைப் பிய்த்தே எறிந்துவிட்டார். சாயங்காலம் வண்டியைக் கொண்டுவந்தது ஓட்டல் டிரைவர். சார் காரில் ஊருக்குக் கிளம்பிவிட்டாராம்.

கடை முதலாளி ஜோசப் ஆனந்த் வீடியோவைப் போட்டுப் பார்த்தார். ஓர் ஓரத்தில் முழங்கை ஒன்று வந்து, உடனே மரியாதையாக விலகியது.

"அண்ணே, ஊரே அவரோட செல்ஃபி எடுக்கத் தவங்கெடக்குது. நீங்க அந்தாள வெரட்டிட்டு மட்கார்ட எடுத்திருக்கீங்க. கீறலு மட்டும் சூப்பரா வுழுந்திருக்கு."

வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் சொன்னார். ஆதிலட்சுமி ஒன்றே ஒன்று கேட்டாள். "நான் சொன்னதச் சொன்னியா?"

பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி பார்த்தார். பொய்க்கும் தொண்டை வேண்டுமே.

"இண்டிகேட்டரப் பத்திச் சொன்னேன்."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். அடக்கிப் பார்த்தும் முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "என்னையே பேச வச்ச மனுசன்யா அவரு. உன்ன அவராலயும் பேச வைக்க முடியல பாரு."

தணிகைவேல் அதற்குப் பிறகு புதுச்சேரிப் பக்கம் வரவில்லை. அவருக்குச் சேர வேண்டிய அந்த ஒரு வரி பக்கிரியிடமே கிடக்கிறது.