எண்ணெய் பூசிய கொட்டில்

அன்பான சகோதரங்களே, உங்கள் முன்னால் எழும்பி நிற்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. போன வருடம் கார்த்திகையில் இதே இடத்தில் நின்று, என் மனைவி சுகந்திக்கு விசுவாசம் குறைவு, அவளுக்காக ஜெபியுங்கள் என்று கேட்டவன் நான். நீங்களும் கண்ணை மூடி ஜெபித்தீர்கள். அவள் கடைசி வரிசை வாங்கில் தலை குனிந்து இருந்தாள். அதைச் சரிப்படுத்தாமல் ஒரு வருடத்தைக் கடத்திவிட்டேன்.

நாங்கள் இருப்பது இந்தப் பான் நகரிலிருந்து ஒரு மணித்தியாலக் கார்ப் பயணம், ஐபல் மலைப்பக்கம். பழைய வீடு, பின்னால் ஒரு கொட்டில், பதினொரு ஆடுகள். அதில் ஆறு சினை. நான் தொழிற்சாலைக்குப் போய்விடுவேன். ஆடுகளைச் சுகந்திதான் பார்ப்பாள்.

குளிருக்கு முன் செய்யவேண்டிய வேலைகளை அவள் ஐப்பசியிலேயே சொல்லத் தொடங்கிவிட்டாள். காய்ந்த புல்லை ஈரம் படாமல் மேலே ஏற்ற வேண்டும், தண்ணீர்க் குழாய் உறையாமல் சுற்றிக் கட்ட வேண்டும். இதையெல்லாம் அவளே செய்து முடித்தாள். மிச்சம் கொட்டிலின் தகரக் கூரை. ஒரு மூலையில் ஆணி கழன்று, காற்றுக்குப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"இஞ்சருங்கோ, இந்தச் சனிக்கிழமை ஜெபக்கூட்டத்துக்குப் போகாமல் கூரையைக் கட்டுவமே? எனக்குத் தனிய ஏலாது. ஏணியை ஆராவது பிடிக்கவேணும்."

"ஆண்டவற்றை கூட்டத்தை விட்டிட்டு ஆட்டுக்கொட்டிலோ? உமக்கு விசுவாசம் காணாது" என்றேன்.

பிறகு நான் என்ன செய்தேன் தெரியுமா? சபையில் ஜெபித்துத் தந்த எண்ணெய்ப் போத்தலை எடுத்துப்போய்க் கொட்டில் கதவு நிலையெல்லாம் பூசினேன். கதவின் கொளுக்கி துருப்பிடித்து அரைவாசியாகத் தேய்ந்திருந்தது. அதிலும் எண்ணெயால் சிலுவை போட்டேன். புதுக் கொளுக்கி போட இரண்டு திருகாணி போதும். போடவில்லை.

பக்கத்துக் காணிக்காரி ஊர்சுலாவுக்கு எழுபது வயது. கோயில் பக்கம் எட்டியும் பார்க்காதவர். வாயில் எந்நேரமும் சிகரெட். அவர் லொறியில் சாமான் கட்டும் இறுக்குப் பட்டிகள் நாலைக் கொண்டுவந்து, கூரையைக் கட்டுவோம் வா என்றார். எங்கள் ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று திருப்பிக் கொடுத்தேன்.

"அவரிடம் ஏணி இருக்கிறதா?" என்று கேட்டார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. முகத்திலடித்த மாதிரிக் கதவைச் சாத்தினேன். அந்தக் கிழமைதான் இங்கே வந்து சுகந்திக்காக ஜெபிக்கச் சொன்னேன்.

அடுத்த சனிக்கிழமை காலையில் வானொலியில் புயல் எச்சரிக்கை. நான் வரேல்லை என்றாள் சுகந்தி. "அப்ப ஆட்டோடையே இரும்" என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தேன். அவளைத் திரும்பியும் பார்க்கவில்லை. இங்கே வந்து கை தட்டிப் பாடினேன்.

மத்தியானம் கைப்பேசியில் அவளுடைய செய்தி. 'கூரை போகுது. கொட்டிலுக்குள்ளை நிக்கிறன்.' உடனே அழைத்தேன். தொடர்பு இல்லை.

விழுந்தடித்து ஓடினேன். எங்கள் ஊருக்கு மூன்று கிலோமீற்றர் இருக்க, பாதைக்குக் குறுக்கே பெரிய மரம். தீயணைப்புக்காரர் ஒருவரையும் விடவில்லை. என் மனைவி அங்கே கூரைக்குக் கீழே, நான் இங்கே காருக்குள். ஐயோ, எவ்வளவு அடுக்கடுக்காக ஜெபிக்கிறவன் நான்! அன்றைக்கு ஒரு வசனமும் வாயில் வரவில்லை. "ஆண்டவரே, ஆரையாவது அனுப்பும். ஆரெண்டாலும் பரவாயில்லை" என்று மட்டும் கதறினேன்.

மரத்தை வெட்டி எடுக்க ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போனது. நான் போய்ச் சேர்ந்தபோது கூரையில் பாதி ஊர்சுலாவின் வயலில் கிடந்தது. மற்றப் பாதி அசையாமல் நின்றது. அதன் மேல் இரண்டு இறுக்குப் பட்டிகள். கீழே பதினொரு ஆடுகளோடு சுகந்தி உயிரோடு நின்றாள். பக்கத்தில் கவிழ்த்த வாளியில் ஊர்சுலா. கிழிபட்ட கையில் சுகந்தியின் சால்வை சுற்றியிருந்தது.

நான் கார் எடுத்துப் போனதைக் கண்டு, காலையிலேயே ஊர்சுலா ஏணியோடு வந்திருக்கிறார். இரண்டு பட்டி கட்டி முடிக்கக் காற்று பிடித்துவிட்டது. நான் சிலுவை போட்ட கொளுக்கி தெறித்துப்போக, இரண்டு பெண்களும் கதவுக்கு முதுகைக் கொடுத்து இரண்டு மணித்தியாலம் நின்றிருக்கிறார்கள். நான் வாய் திறந்து கேட்க முன்னமே ஆண்டவர் ஆளை அனுப்பிவிட்டார். அதுவும் நான் துரத்திவிட்ட ஆளை.

ஊர்சுலா கோப்பி கிடைக்குமா என்று மட்டும் கேட்டார். ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

பின்னேரம் சுகந்தியிடம் கேட்டேன்: "உள்ளுக்கை நிண்டு ஜெபிச்சனீரோ?"

"அதுக்கெங்கை நேரம்? கதவையெல்லோ பிடிச்சுக்கொண்டு நிண்டனான்" என்றாள். பிறகு சொன்னாள்: "ஆனால் ஒரு மாசமா ஜெபிச்சனான். என்ரை மனிசனுக்குக் காது கேக்கப் பண்ணும் எண்டு. நீங்கள் சபையிலை எழும்பி எனக்காக ஜெபிக்கச் சொல்லேக்கையும், நான் உங்களுக்காகத்தான் ஜெபிச்சுக்கொண்டு இருந்தனான்."

கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு அந்த இடத்திலேயே நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது.

மாசியில் ஆறு ஆடுகளும் குட்டி போட்டன. ஊர்சுலாவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். புதுக் கொளுக்கி போட்டேன். ஆனால் உங்கள் முன்னால் எழும்பத்தான் எனக்கு இவ்வளவு காலம் பிடித்தது. பெருமை அப்படிப்பட்ட சாமான்.

சகோதரங்களே, கர்த்தரை நம்புங்கள். அவர் கைவிடமாட்டார், நான் கண்ணால் கண்டேன். ஆனால் அவர் அனுப்புகிற ஆளைக் கதவடைத்து அனுப்பாதேயுங்கோ. உங்கள் வீட்டுக்குள் அவர் பேசும் குரலுக்கு விசுவாசக் குறைவு என்று பெயர் வைக்காதேயுங்கோ.

சுகந்தி இன்றைக்கும் அந்தக் கடைசி வாங்கில்தான் இருக்கிறாள். விசுவாசம் குறைந்தவன் இங்கே நிற்கிறான். அன்று அவளுக்குச் செய்த ஜெபத்தை இன்று எனக்குச் செய்யுங்கள். வருகிற சனிக்கிழமை என்னை இங்கே தேடவேண்டாம். ஊர்சுலாவின் கூரை கட்ட வேண்டும், ஏணி பிடிக்கப் போகிறேன்.