சூடு தெரியாத கால்

இது நடந்தது. எனக்கே நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். உங்களை நம்பவைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பேய்க் கதை என்றால் அமாவாசை, நடுநிசி, நாய் ஊளை என்று எதிர்பார்த்து உட்காராதீர்கள். இது பட்டப்பகலில் நடந்தது. எங்கள் ரண் வெறும் உப்புப் பொட்டல்; அங்கே ஒரு பேய் ஒளிந்துகொள்ள மரத்து நிழல்கூடக் கிடையாது.

என் பெயர் மோங்கி. நாங்கள் உப்பு எடுக்கிற அகரியாக்கள். மழைவெள்ளம் வடிந்ததும் எங்கள் ஊர் காரகோடாவிலிருந்து ரண்ணுக்குள் போவோம். அடுத்த மழைக்குத்தான் வெளியே வருவோம். கிணறு தோண்டி, மண்மேடை கட்டி அதில் எஞ்சின் வைத்து, உப்புநீரை இறைத்துப் பாத்தியில் பாய்ச்சுவோம். எஞ்சின் ராப்பகலாக ஓட வேண்டும். டொப்… டொப்… டொப்… அந்தச் சத்தத்தில்தான் எங்களுக்குத் தூக்கம் வரும். சத்தம் நின்றால் விழித்துக்கொள்வோம். அதுவும் மாசியில், உப்பு கல்கல்லாகக் கட்டுகிற நேரத்தில், தண்ணீர் வரத்து அறுந்தால் பாத்தி மொத்தமும் கெட்டுவிடும். கல்லாகாமல் பொடிந்துபோன உப்பை வியாபாரி திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான். மழை வரும்வரை உட்கார்ந்து ஒப்பாரி வைக்க வேண்டியதுதான்.

அன்று காலை தண்ணீர் லாரி வந்து தொட்டியை நிரப்பியது. என் வீட்டுக்காரர் வாக்ஜி அந்த லாரியிலேயே ஏறிக்கொண்டார். ஊரில் அண்ணன் வீட்டில் ஏதோ பேச்சுவார்த்தையாம்.

"எஞ்சின் நிக்கக்கூடாது. பாத்தி பாழாப்போச்சுன்னா நான் மனுஷனா இருக்கமாட்டேன்" என்றார்.

"ரெண்டு நாளா ஒரு மாதிரி முனகுதே. கேட்டீங்களா?"

"கிழட்டு எஞ்சின் முனகாம, கல்யாணப் பாட்டா பாடும்? சந்தேகம் வந்தா காலை வச்சுப் பாரு. சுட்டா நிறுத்து. சுடலையா, பேசாம ஓட்டு."

லாரி போய்விட்டது.

கால் வைப்பது என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். எஞ்சினின் அடிவயிற்றில், பக்கவாட்டில், ஓர் இரும்பு மூடி உண்டு. அதற்கு உள்ளேதான் கனெக்டிங் ராடு சுற்றுகிறது. அந்த ராடு கிராங்கைக் கவ்வுகிற இடத்தில் இருக்கும் பேரிங்கில் மெத்தென்ற வெள்ளீயக் கலவையை ஊற்றியிருப்பார்கள். தூசி வந்தால் அது விழுங்கிக்கொள்ளும். எண்ணெய் வற்றினால் தான் தேய்ந்து கிராங்கைக் காப்பாற்றும். அது கெட ஆரம்பித்தால் முதலில் சூடு ஏறும். அந்தச் சூடு மூடியில் தெரியும். அதனால் உள்ளங்காலை மூடிமேல் வைத்து, எங்கள் சாமி ராமாபீர் பெயரைப் பத்து முறை சொல்ல வேண்டும். சொல்லி முடிக்கும்வரை தாங்கினால் எஞ்சின் நல்லபடி இருக்கிறது என்று அர்த்தம்.

கல்யாணமாகி வந்த வருஷமே இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தார். கையை வைத்துப் பார்க்கக்கூடாதா என்று கேட்டேன்.

"கை பொய் சொல்லும். எல்லாத்துக்கும் கூசும். கால்தான் நெசம் சொல்லும்" என்றார்.

நானும் பன்னிரண்டு வருஷமாக அப்படித்தான் செய்துவந்தேன்.

சூரியன் ஏற ஏற எஞ்சின் சத்தத்துக்குள் வேறொரு சத்தம் கேட்டது. டொப்… கிண். டொப்… கிண். உள்ளே யாரோ சின்னச் சுத்தியலால் தட்டுகிற மாதிரி இருந்தது. மேடைக்குப் போனேன். காலை வைத்தேன். பத்து முறை பெயர் சொன்னேன்.

சுடவில்லை.

சரி, கிழட்டு எஞ்சின்தானே என்று குடிசைக்குத் திரும்பினேன். ரொட்டி தட்டினேன். பூண்டுச் சட்னி அரைத்தேன். சாப்பிட உட்கார்ந்தால் சத்தம் இன்னும் பலமாகக் கேட்டது. மறுபடி போனேன். மறுபடி காலை வைத்தேன். சுடவில்லை. ஆனால் ஒரு வாசனை வந்தது. கொம்பு கருகினால் வருமே, அந்த மாதிரி. பெல்ட்டைப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. கந்தல் துணி எதுவும் எரியவில்லை. சுற்றிச் சுற்றித் தேடினேன்.

எதுவும் எரியவில்லை…

அப்போதுதான் மேற்கே பார்த்தேன். உச்சிவெயில். கானல் எழும்பி நின்றது. எங்களுக்குக் கானல் புதிதில்லை. தூரத்தில் ஆள் வந்தால் இடுப்புக்கு மேலேதான் தெரியும்; கால்களைக் கானல் கரைத்துவிடும். அன்றும் யாரோ வந்துகொண்டிருந்தார்கள்.

ஆனால் அன்று தெரிந்தது கால்.

முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்கள். மேலே ஒன்றுமில்லை. வெறும் வெளிச்சம்.

பேய்க்குக் கால் கிடையாது என்பார்கள். சொன்னவர்கள் யாரும் ரண்ணுக்கு வந்ததில்லை போலிருக்கிறது. நான் கண்ணைக் கசக்கிக்கொண்டேன். கண் கூசுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயம் வந்ததா என்று கேட்டால், வரவில்லை. உடம்பெல்லாம் உள்ளங்கால் மாதிரி மரத்துப்போயிருந்தது. திரும்பவும் பார்த்தேன். கானலில் இப்போது எதுவும் இல்லை.

நற… நற… நற…

உப்புக் கல்லில் நடக்கிற சத்தம். எஞ்சின் சத்தத்துக்கு மேலே அது எப்படிக் கேட்டது என்று என்னைக் கேட்காதீர்கள். கேட்டது.

பாத்தியைப் பார்த்தேன். கட்டிவரும் உப்பில் தடம் விழுந்துகொண்டிருந்தது. ஒன்று. அடுத்து ஒன்று. நடக்க யாரும் இல்லை. தடம் மட்டும் வந்தது.

வரப்பில் ஏறியது. காய்ந்த மண்ணில் ஈரத் தடம். என் காலைவிடச் சின்னது. கட்டைவிரல் தனியே விலகி நின்றது.

என்னைத் தாண்டியது. ஓரடி தூரத்தில்… காற்றுகூட அசையவில்லை.

மேடையில் ஏறியது.

நின்றது.

டொப்… கிண். டொப்… கிண். டொப்… கிண்.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூடியின்மேல், நான் கால் வைத்த அதே இடத்தில், ஈரமான ஓர் உள்ளங்கால் பதிந்தது.

ஸ்ஸ்ஸ்ஸ்…

கொதிக்கிற தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் வருமே, அந்தச் சத்தம். ஆவி எழுந்தது. தடம் காய்ந்தது. உப்பு மட்டும் வெள்ளையாக ஒட்டிக்கொண்டு நின்றது.

மறுபடி பதிந்தது.

ஸ்ஸ்ஸ்ஸ்…

மறுபடி.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மூடி கொதிக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

ஓடினேன். டீசலை நிறுத்துகிற கம்பியைப் பிடித்து இழுத்தேன்.

டொப்… டொப்…… கிண்.

நின்றது.

ரண்ணில் எஞ்சின் நின்றால் வருகிற அமைதியைக் கேட்டவர்களுக்குத்தான் தெரியும். காது வலித்தது. அப்படியே தரையில் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. பாத்தி போயிற்று, அவர் வந்து கேட்டால் என்ன சொல்வது என்று மட்டும் ஒருமுறை நினைத்தேன். அதுகூட வேறு யாருக்கோ வந்த கஷ்டம்போல் இருந்தது.

பக்கத்துப் பாத்தியிலிருந்து தேவ்சி மோட்டார் சைக்கிளில் வந்தான். எங்கள் வழக்கம் அது. ஒரு பாத்தியில் சத்தம் நின்றால் பக்கத்துப் பாத்திக்காரன் என்னவென்று பார்க்க வர வேண்டும். என் வீட்டுக்காரரின் சித்தப்பா மகன். எனக்குக் கொழுந்தன் முறை, வாயாடி.

"என்ன அண்ணி, புருஷன் ஊருக்குப் போனதும் எஞ்சினுக்கும் லீவு விட்டாச்சா?" என்று சிரித்துக்கொண்டே மூடியில் கையை வைத்தான். "அய்யோ அம்மா!" என்று குதித்தான்.

சிரிப்பு போய்விட்டது. சூடு தணியக் காத்திருந்து மூடியைக் கழற்றினான். உள்ளே கையை விட்டு, உருகி வழிந்து உறைந்த துண்டு ஒன்றை எடுத்தான். சாம்பல் நிறம். நகத்தால் கீறிப் பார்த்தான்.

"இது வெள்ளீயம் இல்ல அண்ணி. பழைய பேட்டரி ஈயம். உப்புக்கும் சூட்டுக்கும் இது நிக்காதுன்னு பச்சப்புள்ளைக்குக்கூடத் தெரியும். எவன் ஊத்துனான் இதை?"

"அவருதான். தீபாவளிக்கு. குடிசை வாசல்ல வச்சு உருக்கினாரு."

"வாக்ஜி அண்ணனா?" அவன் மறுபடி உள்ளே கையை விட்டுத் தடவினான். "ராடு போல்ட்டு பாதி அறுந்து நிக்குது. இன்னும் ஒரு பீடி குடிக்கிற நேரம் ஓடியிருந்தா, ராடு இந்த மூடியப் பிச்சுக்கிட்டு வெளிய வந்திருக்கும். நீ எப்படிக் கண்டுபுடிச்சே?"

"காலை வச்சுப் பாத்தேன். சுடல."

தேவ்சி என் காலைப் பார்த்தான். பிறகு உட்கார்ந்து, பாதத்தைத் தூக்கித் திருப்பினான். எனக்குக் காட்டினான்.

உள்ளங்கால் கருகியிருந்தது. வெடித்து, ஓரம் சுருண்டு… அந்த வாசனை என் காலிலிருந்துதான் வந்திருக்கிறது.

எனக்கு இன்னும் வலிக்கவில்லை. இத்தனை வருஷம் உப்புநீரில் நின்ற கால். அது எப்போது செத்ததென்று எனக்கே தெரியாது.

"ஹீரு அண்ணிக்கும் இப்படித்தான்…" என்றவன் சட்டென்று நிறுத்திக்கொண்டான்.

ஹீரு என் வீட்டுக்காரரின் முதல் தாரம்.

"அவ பாம்பு கடிச்சுல்ல செத்தா?" என்றேன்.

"பாம்பா? யாரு சொன்னா உனக்கு?"

"உங்க அண்ணன்தான்."

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "இதே மாதிரி மாசிதான். மூடியில கால வச்சுக்கிட்டு நின்னா. ராடு வந்து அடிவயித்துல அடிச்சுது. மரத்துப்போன காலுக்குச் சூடு எப்படித் தெரியும்? அன்னையிலிருந்து இந்த ரண்ணுல எவனும் கால் வச்சுப் பாக்குறதில்ல அண்ணி. அந்தப் பழக்கத்தையே விட்டுட்டோம்."

தேவ்சியே தொடர்ந்தான்.

"எரிச்சோம். நம்ம சனத்துக்குக் கால் எரியாதுல்ல. உப்பு ஊறுன கால். அவளுக்கும் எரியல. வழக்கப்படி அந்தக் கால மட்டும் உப்போட சேத்துப் புதைச்சோம்."

"எங்க?"

தேவ்சி மேடையைப் பார்த்தான். எஞ்சின் நின்ற மேடையை.

"மண்ணு அங்கதான் கெட்டி" என்றான்.

அவனுடைய பழைய எஞ்சினைக் கொண்டுவந்து அன்று சாயங்காலமே ஓடவிட்டான். மேடையில் வைக்க வேண்டாம் என்றேன். ஏன் என்று அவன் கேட்கவில்லை. கிணற்றின் மறுபக்கம் வைத்தான். தடம் விழுந்த ஓரம் மட்டும்தான் கெட்டது. மற்றபடி பாத்தி பிழைத்துவிட்டது.

மூன்றாம் நாள் தண்ணீர் லாரி வந்தது. நான் வரப்பில் நின்றுகொண்டிருந்தேன். லாரியில் இருந்தபடியே என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். உடனே இறங்கவில்லை. இறங்கிய பிறகும் எஞ்சினைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாத்தியைப் பற்றியும் கேட்கவில்லை.

அவருக்கு யாரும் போன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை, தேவ்சியும் செய்யவில்லை. இங்கே சிக்னலே கிடைக்காது.

லாரித் தொட்டிமேல் கயிறு போட்டு விறகு கட்டியிருந்தது. நல்ல வேப்பங்கட்டை. பக்கத்தில் ஒரு நெய் டின்.

நாங்கள் அடுப்பெரிக்க முள்செடிதான் வெட்டுவோம். ரண்ணுக்குள் கட்டை விறகு வருவது ஒரே ஒரு காரியத்துக்குத்தான்.

"விறகு யாருக்கு?" என்றேன்.

"சும்மா… சல்லிசாக் கிடைச்சுது" என்றார்.

இறக்கி வைத்தோம். நானும் ஒரு பக்கம் பிடித்தேன். அந்த விறகில்தான் தினமும் அவருக்கு டீ போடுகிறேன். நன்றாக எரிகிறது.