வகுபடாத கடை

மின்மோட்டாருக்குச் செம்புக்கம்பியில் காயில் சுற்றுகிறவருக்கு வகுத்தல் கைவர வேண்டும். மொத்தச் சுற்றை எல்லாப் பக்கமும் சமமாகப் பங்கிடாவிட்டால் மோட்டார் முனகும். இந்தக் கடைக்காரர் அந்தப் பழக்கத்தைக் கடைக்கு வெளியேயும் கொண்டுபோனார். பேருந்து எண், வீட்டு எண், மருந்துச்சீட்டில் டோக்கன் எண் என்று எதையும் விடமாட்டார். வகுத்துப் பார்த்து, "மீதி எவ்வளவு?" என்று தன்னையே கேட்டுக்கொள்வார். தெருவில் அவருக்கு மீதியண்ணன் என்றே பேர்.

அவருடைய பெருமை கடையின் தொலைபேசி எண்: 1022117. ஏழால் வகுத்தால் மீதி ஐந்து; பதின்மூன்றால் வகுத்தாலும் அதே ஐந்து. இப்படி ஒவ்வொரு பகா எண்ணாக ஏறி, மூன்று இலக்கத்தில் கடைசியான 997 வரை போய்விட்டார். எதற்கும் மசியவில்லை. ஆயிரத்துக்கு மேல் போவது வீண் என்று தானே முடிவுகட்டி, அதற்குப் பகா எண் பட்டம் சூட்டினார். பலகையில் சிவப்பில் எழுதவைத்தார்.

தம்பி தனிக்கடை கேட்ட அன்று அந்தப் பலகையைத்தான் காட்டினார்.

"அண்ணே, பம்பு வேலைய நான் தனியாப் பாத்துக்கறேன். நீங்க ஃபேன் பாருங்க. பக்கத்துக் கடை காலியாத்தானே இருக்கு?"

"போன் நம்பர் யாருக்கு?"

"ரெண்டு பேருக்குந்தான்."

"முடியாதுடா. அது பகா எண். நம்பரையும் பிரிக்க முடியாது, கடையையும் பிரிக்க முடியாது."

தம்பி பாதியில் விட்ட பம்புக்கே திரும்பினான். கணக்கு அவனுக்கு எட்டிக்காய். தவிர, அண்ணன் குரல் கொஞ்சம் உடைந்திருந்தது.

தம்பி மனைவி ஒட்டுத்துணியில் மேசைவிரிப்பு தைப்பவள். நாளெல்லாம் சதுரங்களோடு மல்லுக்கட்டுகிறவள். ஒரு மத்தியானம் கட்டம்போட்ட துணி ஒன்றைக் கொண்டுவந்து காயில் மேசையில் விரித்தாள்.

"மாமா, உங்க நம்பரோட நாலு கூட்டுங்க. 1011-ஐ அதாலயே பெருக்கினா வர்றது வருதா?"

சிகரெட் அட்டையில் போட்டுப் பார்த்தார். வந்தது.

"வருது. அதுக்கென்னம்மா?"

"அப்போ உங்க நம்பர் ஒரு சதுரத் துணி. பக்கத்துக்கு 1011 கட்டம். மூலையில மட்டும் ரெண்டுக்கு ரெண்டு, எலி கடிச்சுட்டுது."

மூலையில் நான்கு கட்டத்தை வெட்டி எறிந்தாள். கடிபட்ட ஓரத்தை இரண்டு கட்ட அகலத்தில் நாடாவாகக் கத்தரித்து, திருப்பிப் பக்கவாட்டில் ஒட்டவைத்தாள். பிசிறில்லாத செவ்வகம்.

"உங்க துணியில இந்தப் பக்கம் ரெண்டு குறையும், 1009. அந்தப் பக்கம் ரெண்டு கூடும், 1013. பெருக்கிப் பாருங்க."

பெருக்கவில்லை. 997-க்கு அடுத்த பகா எண் 1009 என்பது அவருக்கு மனப்பாடம். ஒரே ஒரு படி.

"ஆயிரத்தோட கடையச் சாத்திட்டீங்களே மாமா!"

தம்பி சிரிப்பை அடக்கப் பின்பக்கம் ஓடினான். அவர் செவ்வகத்தின் இரண்டு பக்கத்தையும் விரலால் அளந்தார்.

"ரெண்டுமே பகா எண்," என்றார் கடைசியில். "இதுக்கு மேல எந்தக் கொம்பனும் பிரிக்க முடியாது."

"நாங்களும் பிரிக்க மாட்டோம் மாமா."

"பெரிசு எனக்கு. நாந்தான் மூத்தவன்."

"தாராளமா எடுத்துக்குங்க!"

இப்போது இரண்டு கடைகள். நடுச்சுவரில் தொலைபேசி அளவுக்கு ஒரு துவாரம். மணி அடித்தால் கிட்டத்தில் இருப்பவர் எடுக்கலாம். துவாரத்துக்கு மேல் மீதியண்ணன் தன் கையாலேயே சிவப்பில் ஒரு குறி போட்டிருக்கிறார்.

பம்பு கொண்டுவந்த ஒருவர் கேட்டார்: "என்னண்ணே, தப்புன்னு போட்டிருக்கீங்க?"

"தப்பில்லப்பா. பெருக்கல்."