போடாத கையெழுத்து

என் வீட்டுக்காரருக்கு அரசாங்க அலுவலகத்தின் பதிவறையில் முப்பத்தொரு வருட வேலை. எந்தக் கட்டு எந்த அலமாரியில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். வீட்டில் தன் மூக்குக்கண்ணாடியைத் தேட மட்டும் நான் வரவேண்டும். ஓய்வு பெற எட்டே மாதம் இருந்தது.

பழைய கோப்பை அழிக்க எழுத்து உத்தரவு வேண்டும் என்பது சட்டம். அங்கே வழக்கம் வேறு. உத்தரவு போனில் வரும், கையெழுத்து மறுநாள் வரும். அன்றைக்கும் அமைச்சரின் உதவியாளர் போன் செய்தார். காகித ஆலை லாரி வாசலில் நின்றது. இந்த மனுஷர் பதிவேட்டில் தன் கையெழுத்தைப் போட்டு இரண்டு கட்டுகளை ஏற்றி அனுப்பிவிட்டார். இரண்டும் புது ஆஸ்பத்திரிக் கட்டட ஒப்பந்தம். அந்த மறுநாள் வரவே இல்லை.

கட்டடம் விரிசல் விட்டதும் கோப்பைக் கேட்டார்கள். அப்படி ஒன்றே கிடையாது என்றார் அமைச்சர். அடுத்த நாள், கரையான் அரித்துவிட்டது என்றார். மூன்றாம் நாள் டிவியில், ஒரு கீழ்நிலை ஊழியரின் கவனக்குறைவு என்றார். சொன்னது இவரைத்தான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

மறுநாள் காலை அந்த உதவியாளரே வீட்டுக்கு வந்தார்.

"அண்ணி, அவர் யார் பேரையும் சொல்லாம இருந்தா போதும். பென்ஷனுக்கு நான் பொறுப்பு."

நான் எப்போது இவருக்கு அண்ணியானேனோ. "அதை எழுதிக் குடுங்க" என்றேன். வாய் வார்த்தை போதாதா என்று எழுந்துவிட்டார்.

சாயங்காலம் எதிர்க்கட்சித் தலைவர், கூடவே போட்டோக்காரர். "பேரைச் சொல்லுங்க தம்பி, நாங்க இருக்கோம்."

"நீங்களாவது எழுதிக் குடுப்பீங்களா?" என்றேன். அவருக்கும் அவசர வேலை வந்துவிட்டது.

விசாரணை நாளன்று இவருக்குச் சட்டைப் பொத்தான் போட வரவில்லை. நான்தான் போட்டுவிட்டேன்.

"என்ன சொல்லட்டும்?"

"நடந்ததைச் சொல்லுங்க. எனக்கும் பயந்தான்."

சொன்னாராம், போன் செய்தவர் பேர் உட்பட. அதைத் தட்டச்சு செய்து கையெழுத்துக்கு நீட்டினார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக வரி வரியாகப் படித்திருக்கிறார். அந்தப் பேர் மட்டும் அதில் இல்லை.

"சீக்கிரம் போடுங்க, ஐயாவுக்கு மீட்டிங் இருக்கு" என்றாராம் தட்டச்சு செய்தவர்.

"பேரைச் சேருங்க, போடறேன்" என்று பேனாவை மூடிவிட்டார்.

அன்று மாலையே பணியிடை நீக்கம். ஊழியர் விசாரணைக்கு ஒத்துழைக்கவில்லை என்றார் அமைச்சர். எனக்குக் கோபமும் பெருமையும் ஒன்றாக வந்தன. எதை முதலில் சொல்வது என்று தெரியாமல் காபி போட்டுக் கொடுத்தேன்.

நாலு மாதம் ஆகிறது. விசாரணை அப்படியே கிடக்கிறது, பென்ஷன் பற்றிப் பேச்சே இல்லை. தெருவில் கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டால் போதும், விசாரணைக்குக் கூப்பிட வந்துவிட்டார்களோ என்று சாப்பாட்டில் கை வைத்தவர் எழுந்துபோய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு நிற்கிறார்.