டாஷ்போர்டில் இருந்த சந்தனப் பொட்டு

2011இல் பாரிசின் லா சப்பலில் ஒரு மளிகைக் கடையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். என் அகதித் தஞ்சக் கோரிக்கையை இரண்டாம் முறையும் மறுத்திருந்தார்கள். ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் ஒரே அறையில் ஏழு பேர் படுத்தோம். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பாரிசுக்கு வருகிற வழியில் இத்தாலியின் நாப்போலியில் ஒரு ஸ்கூட்டர் கடையில் சில மாதம் நின்றதில் உடைந்த பிளாஸ்டிக்கை ஒட்ட மட்டும் தெரிந்திருந்தது. முதலாளிக்கு அது எப்படியோ காதில் விழுந்துவிட்டது.

ஒரு காலை அவர் பாரிசுக்கு வெளியே திரான்சியிலுள்ள தன் வீட்டிலிருந்து ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் பலகையை அரிசிச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தார். அவருடைய பழைய காரின் டாஷ்போர்டில், ஓட்டுபவருக்குப் பக்கத்தில் இருப்பவரின் எதிரே வரும் துண்டு. காருக்கு நாற்பது வயதிருக்கும். அந்தத் துண்டை இப்போது யாரும் செய்வதில்லை. குறுக்கே ஒரு சாண் நீளத்துக்கு வெடித்திருந்தது.

"ரேடியோ வயர் பாக்கக் கழட்டினனான். கையோடை வந்திட்டுது."

"ஒரு கையோடையோ அண்ணை? ரெண்டு கையாலையும் இழுத்த மாதிரியெல்லோ கிடக்கு."

"பகிடியை விட்டிட்டு இதைப் பார்."

வெடிப்பு ஒரு சந்தனப் பொட்டின் ஊடாகப் போயிருந்தது. காய்ந்து மங்கிய பொட்டு, நடுவில் குங்குமம். கார் வாங்கிய அன்று அவர் மனைவி வைத்தது. அந்த அம்மா இறந்து மூன்று வருடமாகியிருந்தது.

"உதிலை மட்டும் கை வைக்காதை," என்றார். "சனிக்கிழமை மகளுக்குக் கலியாணம். தாரை வார்த்துக் குடுக்க எனக்கு ஏலாது, தாரமிழந்தவன். தம்பியும் பெண்சாதியும்தான் குடுக்கினம். நான் செய்யக்கூடியது மகளை இந்தக் காரிலை ஏத்திக்கொண்டு போறது மட்டும்தான். தாய் வைச்ச பொட்டுக்கு முன்னாலை அவள் இருக்கவேணும்."

"ஓம் அண்ணை," என்றேன்.

வேலை ஒன்றும் பெரிதில்லை. அதே வகைப் பிளாஸ்டிக்கைச் சீவி அசெத்தோனில் ஊறவிட்டால் கூழாகும். பின்பக்கமிருந்து வெடிப்பில் தடவினால் இரண்டு ஓரமும் இளகி ஒன்றாகும். முன்பக்கம் கசியாமல் இருக்க டேப் ஒட்டி அடைக்க வேண்டும். பொட்டின் மேல் டேப் ஒட்டினால் உரிக்கும்போது பொட்டும் சேர்ந்து வரும். ஆகவே அந்த இடத்தை மட்டும் விட்டேன். அப்படி விட்டால் கூழைத் தடிப்பாக வைத்து, காயவிட்டு, மறுநாள் மறுபடி வைக்க வேண்டும். எனக்கு எதிலும் பொறுமை கிடையாது. இளக்கமாகக் கரைத்து ஒரே தடவையில் ஊற்றினேன். திருப்பிப் பார்த்தபோது பொட்டு இருந்த இடத்தில் கறுப்பும் மஞ்சளுமாகச் சேறு.

அப்போதே அவரிடம் போயிருக்க வேண்டும். போகவில்லை. காயவிட்டுத் தேய்த்துக் கறுப்பு மை அடித்தேன். கடையில் விற்கிற சந்தனத்தைத் தேத்தண்ணிச் சாயத்தில் குழைத்து, மோதிர விரலால் அதே இடத்தில் ஒரு பொட்டு வைத்தேன். நடுவில் குங்குமம். பார்க்கப் பழையது போலத்தான் இருந்தது.

வியாழக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். பலகையை வெளிச்சத்தில் பிடித்து வெடிப்பைத் தேடினார்.

"எங்கையடாப்பா உடைஞ்சது? எனக்கே தெரியேல்லை!"

மகள் இங்கேயே பிறந்தவள். தகப்பன் தமிழில் கேட்டால் பிரெஞ்சில்தான் பதில் சொல்வாள். பலகையை வாங்கி முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனாள். பிறகு மெதுவாக, தமிழிலேயே சொன்னாள்:

"பப்பா, இது மணக்குது. அம்மாவின்ரை பொட்டு மணக்கிறேல்லை."

அவர் என்னைப் பார்த்தார். "நீ வைச்சனியோ?"

"ஓம் அண்ணை. மற்றது அழிஞ்சு போச்சு."

"சொல்லியிருக்கலாமே."

அவ்வளவுதான் சொன்னார். எத்தனையோ முதலாளிமாரிடம் ஏச்சு வாங்கியிருக்கிறேன்; அன்று அவர் ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். சட்டைக் கையால் நான் வைத்த பொட்டைத் துடைத்தார். "விடுங்கோ பப்பா," என்று மகள் அவர் கையைப் பிடித்தாள். அவர் விடவில்லை. ஒரு துளி மஞ்சள் இல்லாமல் போகும்வரை துடைத்தார்.

சனிக்கிழமை காலை திரான்சிக்குப் போய்க் காரில் பலகையை நானே பூட்டினேன். கலியாணப் பொம்பிளை பட்டுச் சேலையோடு வெளியே வந்தாள். அவர் முன்கதவைத் திறந்து பிடித்தபடி நின்றார். பின்னிருக்கையிலிருந்து சித்தி, அவர் தம்பியின் மனைவி, கூப்பிட்டாள்: "பிள்ளை, பின்னாலை வா. சேலை கசங்கப்போகுது."

அவள் ஒரு கணம் அந்தக் கறுப்புப் பலகையைப் பார்த்தாள். பிறகு பின்னால் ஏறிச் சித்தியின் பக்கத்தில் இருந்தாள். அவர் முன்கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். சுற்றி வந்து ஏறி, பக்கத்தில் ஒருவருமில்லாமல் காரை எடுத்தார்.

என்னையும் மண்டபத்துக்கு வரச் சொல்லியிருந்தார். நான் போகவில்லை. அடுத்த கிழமை வேலையை விட்டுவிட்டு லீல் நகரத்துக்கு ரயில் ஏறினேன்.