தொக்கம் எடுக்க வந்தவள்

என் மகளை ஒருத்தி கொல்லப் பார்த்தாள். வைத்தியம் என்ற பெயரில், என் வீட்டிலேயே உட்கார்ந்து, கூலி வாங்கிக்கொண்டு செய்தாள். அவளைக் கூட்டி வந்தது என் நாத்தனார்.

எண்பதுகளின் தொடக்கம். சாலவாக்கம் பக்கத்தில் எங்கள் ஊர். வேர்க்கடலை பிடுங்கும் சமயம். என் மகளுக்கு ஐந்து வயது முடிந்திருந்தது. பேச்சு கிடையாது. யார் முகத்தையும் பார்க்க மாட்டாள். தூக்கினால் கத்தி, முதுகை வளைத்து இறங்கிவிடுவாள். நாள் முழுக்க ஒரு டம்ளரைத் தரையில் உருட்டிக்கொண்டிருப்பாள். ஆட்டிசம் என்ற வார்த்தை என் காதில் விழுந்தது எத்தனையோ வருஷம் கழித்துத்தான். அப்போது ஊரில் அவளுக்கு வைத்திருந்த பெயரை இங்கே எழுத மாட்டேன்.

அவள் வயிறுதான் எனக்குப் பெரிய பயம். எப்போதும் உப்பிக்கொண்டே இருக்கும். பேதி போகும், இல்லையென்றால் சுத்தமாகக் கட்டிக்கொள்ளும். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாது, சுவரில் தலையை முட்டுவாள். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானே ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தேன். பாலை நிறுத்தியதும் பேதி நின்றது. வேர்க்கடலை பட்டால் உதடு வீங்கி உடம்பெல்லாம் தடித்தது. அதனால் சோறு, ரசத் தெளிவு, இட்லி, அவ்வளவுதான். கடலை எண்ணெயைக்கூட அடுப்பங்கரையில் சேர்க்கவில்லை.

"கொல்லையில மூட்ட மூட்டையா கடல கீது, மகாராணி நல்லெண்ணெயில தாளிச்சிக்கினு கீறா" என்று நாத்தனார் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

அவள்தான் ஒருநாள் மத்தியானம் தொக்கம் எடுப்பவளோடு வந்து நின்றாள். குழந்தை தின்றது எதுவோ வயிற்றில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதை உறிஞ்சி வெளியே எடுக்கிறேன் என்பார்கள். அதற்குப் பெயர்தான் தொக்கம். நான் வேண்டாம் என்றேன். "ஒரு வாட்டி எடுத்துத்தான் பாக்கலாமே, இன்னா கொறஞ்சிடப் போவுது" என்றார் என் வீட்டுக்காரர். அதற்கு மேல் அந்த வீட்டில் என் பேச்சு எடுபடவில்லை.

நாத்தனார் மகளின் காலைப் பிடித்துக்கொண்டாள். வந்தவள் குழந்தையின் தலையை மடியில் அமுக்கி, வாயோடு வாய் வைத்து உறிஞ்சினாள். மகள் போட்ட அலறலில் அக்கம்பக்கம் கூடிவிட்டது. அப்புறம் உறிஞ்சியவள் ஒரு தட்டில் துப்பினாள். எச்சிலோடு, மென்ற வேர்க்கடலை.

"பாத்துக்கோமே. இதான் உம் பொண்ணுக்குப் பேச்சு வரவுடாம அடச்சிக்கினு இருந்திச்சி."

எல்லோரும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மகளைப் பார்த்தேன். மேலுதடு தடித்துக்கொண்டிருந்தது. கழுத்தைப் பறண்டினாள். பிறகு குரல் கம்மி, சைக்கிளுக்குக் காற்றடிப்பது போல ஒரு சத்தம் மட்டும் வந்தது. கண் இரண்டும் மூடிக்கொண்டன.

"வெசம் எறங்குது, தொடாத" என்றாள் அவள். நான் பிடுங்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினேன்.

பஸ் வர நேரமிருந்தது. செங்கல் ஏற்றிய லாரி ஒன்று வந்தது. நடு ரோட்டில் நின்றேன். "ஏம்மா, சாவறதுக்கு என் வண்டிதான் கெடச்சிதா" என்று திட்டியபடியே பிரேக் போட்டவர், குழந்தையைப் பார்த்ததும் கதவைத் திறந்துவிட்டார்.

உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்குப் போகிற வரைக்கும் அவள் மார்பில் காதை வைத்திருந்தேன். என்னைத் தள்ளவில்லை. தொட்டாலே உதறுகிற பிள்ளை, துணி மாதிரி என்மேல் கிடந்தாள். அவளைப் பெற்றதிலிருந்து அவள் அப்படி என் மேல் சாய்ந்ததே இல்லை. ஒரு தடவையாவது சாய மாட்டாளா என்று ஏங்கியவள் நான். அன்றைக்கு, உதறு, கத்து, என்னைக் கடி என்று கெஞ்சிக்கொண்டே போனேன்.

டாக்டர் தொடையில் ஊசி போட்டுவிட்டு என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார். "எதுவும் சாப்பிடலைங்க. வயித்துலேர்ந்து கடலை எடுத்தாங்க" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கே உறைத்தது. ஒரு வருஷமாக அவள் வாயில் நான் கடலையைப் படவே விடவில்லை. தட்டில் கிடந்தது வறுத்த கடலை. இந்தப் பிள்ளைக்குக் கடலை ஆகாது என்று நாத்தனார் தொக்கம் எடுப்பவளிடம் முன்கூட்டியே சொல்லியிருக்கிறாள். அப்படியானால் கடலையை எடுத்துக் காட்டினால்தான் ஊர் நம்பும் என்று, அந்தப் பொம்பளை அதையே மென்று கடைவாயில் அடக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். அந்த வாயைத்தான் என் மகள் வாயில் வைத்தாள்.

மூச்சு திரும்பி வந்தது. மறுநாள் ஊருக்குத் திரும்பினால், தொக்கம் நன்றாக எடுபட்டது, அதனால்தான் வீங்கியது என்று பேச்சு. தொக்கம் எடுத்தவளைத் தேடிப் போய், கூட்டத்தில் வைத்து, "அந்தக் கடல எங்கேர்ந்து வந்துது?" என்று கேட்டேன். "உம் பொண்ணு வவுத்துலேர்ந்து" என்று வெற்றிலையைத் துப்பிவிட்டு அடுத்த குழந்தையை மடியில் போட்டுக்கொண்டாள்.

என் மகளுக்கு இப்போது நாற்பது தாண்டிவிட்டது. இன்றுவரை அவள் பேசவில்லை. யாராவது ஆசையாக அவள் கன்னத்தருகே குனிந்தால், என் கை தானாகக் குறுக்கே போகிறது. என்ன சாப்பிட்டு வந்தீர்கள் என்று கேட்டுவிடுகிறேன். பலர் கோபித்துக்கொண்டு போயிருக்கிறார்கள், போகட்டும். அந்த லாரியில் இருந்த பயம் என்னை விட்டு இறங்கவில்லை.

தொக்கம் எடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தத் தொழில் செய்கிற உங்களில் ஒருவராவது, ஒரு குழந்தையைத் தொடும் முன்னால், நாலு பேர் எதிரில் வாயைக் கொப்பளித்து, திறந்து காட்டிவிட்டு எடுப்பீர்களா? முடியும் என்றாலும் முடியாது என்றாலும், இந்தப் பத்திரிகையிலேயே எல்லோரும் படிக்கும்படி பதில் எழுதுங்கள்.